ஒரு ரூபாய்க்கு ஆகாயப் பிரயாணம்: ஏர் டெக்கான் கம்பெனியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

2020ஆம் ஆண்டு வெளிவந்த "சூரரைப் போற்று" என்னும் திரைப்படத்தை நம் அங்கத்தினர்களிற் பலர் கண்டிருப்பார்கள். மதுரைப் பக்கத்துக் கிராமத்து இளைஞர் ஒருவர், ஏழை எளியவரும் ஏறிச் செல்லத்தக்க ஆகாய விமானக் கம்பெனி ஒன்றைப் பல இடையூறுகளுக்கிடையே அமைத்து வெற்றி பெறுவதாக அதன் கதை. அக்கதைக்கு ஆதாரமாக அமைந்தது கர்நாடக மாநிலத்தைச் சேர்ந்த காப்டன் கோபிநாத் என்பவரின் வாழ்க்கையாகும். படம் வெற்றியோடு முடிகிறது. அந்தக் கம்பெனியின் கணக்குப் புத்தகமோ அங்கே முடியவில்லை. அதற்குப் பின்னர் எழுதப்பட்ட பக்கங்களே நம் போன்ற சங்கத்தார் படித்தறிய வேண்டியவை.

விமானக் கம்பெனிக்கும் தறிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் வினவக்கூடும். நல்ல நோக்கத்துடன் தொடங்கப்பெற்ற ஒரு ஸ்தாபனம், மக்களின் பேராதரவு இருந்தும், எட்டாண்டுகளுக்குள் எவ்வாறு மறைந்தது என்பதே கேள்வி. இந்தக் கேள்வி விமானத்துக்கு மட்டும் உரியதன்று.

விவசாயி தொடங்கிய விமானம்

கோபிநாத் ஹாசன் ஜில்லாவில் கோரூர் கிராமத்தில் வளர்ந்தவர். இராணுவத்தில் சேர்ந்து 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரில் பணி புரிந்தார். காப்டன் பதவியிலிருந்து இளம் வயதிலேயே விலகி ஊர் திரும்பினார். அக்காலத்தில் ஹேமாவதி ஆற்றின் குறுக்கே கோரூரில் அணை எழுந்தது. அவருடைய குடும்பத்து நிலம் நீரில் மூழ்கியது. அதற்கு ஈடாக ஜாவகல் என்னும் ஊர்ப்பக்கத்தில் வறண்ட பூமி கிடைத்தது. அமராவதிப் பாசனத்தில் வாழும் கணியூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு அணையின் அருமை தெரியும். ஓர் ஆயக்கட்டு பிறக்க மற்றொருவர் நிலம் மூழ்க வேண்டியிருக்கிறது என்பதையும் நாம் மறவாதிருத்தல் நன்று.

அவ்வறண்ட நிலத்தில் அவர் தென்னை வைத்தார், மாடு வளர்த்தார், பட்டுப்புழு வளர்ப்பில் இறங்கினார். பூச்சி மருந்துகளை இயன்ற மட்டும் தவிர்த்து இயற்கை முறையில் பட்டுப்புழு வளர்த்தமைக்காக 1996ஆம் ஆண்டு ரோலக்ஸ் விருது அவருக்குக் கிட்டியது. உடுமலை, மடத்துக்குளம் வட்டாரங்களில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுக்கூடு எடுக்கும் நம் அங்கத்தினர்களுக்கு அத்தொழிலின் சிரமம் நன்கு தெரியும். ஆகவே நாம் பேசும் மனிதர் நம்மினத்தவரே.

பின்னர் நண்பர் ஒருவருடன் சேர்ந்து வாடகை ஹெலிகாப்டர் கம்பெனி ஒன்றை நிறுவினார். அது 1997இல் தொழிலைத் தொடங்கியது. அதன் கிளையாக 2003 ஆகஸ்டு மாதம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு "ஏர் டெக்கான்" பிறந்தது. அவ்வாண்டு ஹைதராபாத்தில் நடந்த ஒரு தொடக்கப் பிரயாணத்தில், அரசியல் தலைவர்கள் அமர்ந்திருந்த விமானத்தின் எஞ்சினில் தீப்பற்றியது. உயிர்ச்சேதம் ஏதுமில்லை. கம்பெனியும் தளரவில்லை.

கட்டணம் குறைந்த விதம்

இந்தியாவில் 1953ஆம் ஆண்டு முதல் விமானப் போக்குவரத்து அரசாங்கத்தின் கையில் இருந்தது. 1990க்குப் பின் தனியார் அனுமதிக்கப்பட்டனர். 1994இல் பழைய சட்டமும் நீக்கப்பட்டது. அந்த முதல் அலையில் வந்த ஈஸ்ட்-வெஸ்ட், மோதிலுஃப்ட் போன்ற கம்பெனிகள் சில ஆண்டுகளிலேயே நின்றுவிட்டன. அவை யாவும் பெரிய நகரங்களின் வசதி படைத்த பிரயாணிகளையே நாடின. ஏர் டெக்கானோ, ரெயிலில் குளிர்சாதன வகுப்பில் செல்லும் நடுத்தரக் குடும்பத்தையும், விமானமே இறங்காத சிறு நகரத்தையும் நாடியது. ஆர். கே. லக்ஷ்மண் வரைந்த "சாமானிய மனிதர்" என்ற சித்திரமே அதன் அடையாளமாயிற்று.

கட்டணத்தை அவர்கள் வாயால் குறைக்கவில்லை. செலவைக் குறைத்தே கட்டணத்தைக் குறைக்க முற்பட்டனர். அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் என்னும் கம்பெனி 1971 முதல் கையாண்ட முறை அது. விமானத்தில் இலவசச் சாப்பாடு இல்லை. வேண்டியவர் விலை கொடுத்து வாங்கலாம். உயர்ந்த வகுப்பு, தாழ்ந்த வகுப்பு என்ற பேதம் இல்லை. டிக்கெட்டை இணையத்திலும் தொலைபேசியிலும் நேராக விற்றனர். பெட்ரோல் நிலையங்களில் கூட விற்றனர். ஒரு விமானம் தரையிறங்கி அடுத்த பிரயாணத்துக்கு எழும் இடைவேளையையும் சுருக்கினர். தரையில் நிற்கும் விமானம் ஓடாத தறியைப் போன்றது. வாடகையும் வட்டியும் அதற்கு நடந்துகொண்டேயிருக்கும்.

தொடக்கத்தில் 48 இருக்கைகள் கொண்ட ஏ.டி.ஆர். என்ற சிறிய விமானங்களை அமர்த்தினர். பிற்காலத்தில் 80 இருக்கைக்குக் குறைந்த விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணத்தில் அரசு விலக்கு அளித்தது. சிறு விமானங்களின் எரிபொருளுக்கு விற்பனை வரியும் குறைந்தது. சிறு நகரங்களுக்கு இது பெரிய உதவி.

ஒரு ரூபாய் டிக்கெட் என்பது பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. அதன் சூட்சுமம் உடுமலைத் தக்காளி வியாபாரிக்கு நன்றாகத் தெரிந்ததே. மாலைக்குள் விற்காத தக்காளி மறுநாள் குப்பைக்குப் போகிறது. அவ்வாறே விமானம் மேலெழும்பிய பின் காலி இருக்கைக்கு விலையே இல்லை. ஆகவே முன்கூட்டியே வாங்குவோர்க்குச் சில இருக்கைகளை மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்து, புறப்படும் நாள் நெருங்க நெருங்க விலையை ஏற்றினர். ஒரு ரூபாய் இருக்கை சிலவே. மற்ற இருக்கைகளின் விலை அந்தக் குறைவை ஈடு செய்ய வேண்டும் என்பதே திட்டம். முறை தவறானதன்று. அந்த ஈடு முழுவதும் வந்து சேர்ந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பெருக்கமும் நஷ்டமும்

கம்பெனி வியக்கத்தக்க வேகத்தில் வளர்ந்தது. 180 இருக்கைகள் கொண்ட ஏர்பஸ் விமானங்களும் சேர்ந்தன. 2007ஆம் ஆண்டளவில் நாற்பதுக்கு மேற்பட்ட விமானங்களுடன் அறுபதுக்கு மேற்பட்ட ஊர்களை அது இணைத்தது. நாட்டுக்குள் பறந்த பிரயாணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அதில் சென்றனர். நம் மாநிலத்தில் கோயமுத்தூர், மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய ஊர்களுக்கும் அதன் விமானங்கள் வந்தன. குடும்பத்தில் முதன்முதலாக விமானம் ஏறியவர்கள் எண்ணற்றோர். இதை ஒருவரும் குறைத்துச் சொல்ல இயலாது.

ஆனால் வளர்ச்சி வேறு, லாபம் வேறு. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். இவை உதாரணத்துக்காக நாம் எடுத்துக்கொள்ளும் எண்களேயன்றிக் கம்பெனியின் எண்கள் அல்ல. 48 இருக்கை விமானம் ஒருமுறை பறக்க எல்லாச் செலவும் சேர்த்து 72,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். எல்லா இருக்கையும் நிரம்பினால் ஆளுக்கு அடக்கச் செலவு 1,500 ரூபாய். 36 பேரே வந்தால் அது 2,000 ரூபாயாக உயரும். 40 பேர் சராசரி 1,600 ரூபாய் கொடுத்து ஏறினால் வரவு 64,000 ரூபாய். நஷ்டம் 8,000 ரூபாய். நாளைக்குப் பத்து பிரயாணமானால் நஷ்டம் 80,000. அதே நிலையில் முந்நூறு பிரயாணமாகப் பெருக்கினால் நாளொன்றுக்கு 24 லட்சம். அடக்கவிலைக்குக் குறைவாக விற்பவர் வியாபாரத்தைப் பெருக்கப் பெருக்க நஷ்டமும் பெருகும். கூட்டம் அலைமோதும் கடையே திவாலாகும் விந்தை இதனாலேயே நிகழ்கிறது.

ஏர் டெக்கானின் நஷ்டம் சில நூறு கோடி ரூபாய் அளவுக்கு எட்டியது. காரணங்கள் பல. இந்திய விமானக் கம்பெனிகளின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எரிபொருளுக்கே போகும். அதன் விலை அக்காலத்தில் ஏறிக்கொண்டே இருந்தது. மேலும் 2005, 2006 ஆகிய ஈராண்டுகளில் கிங்ஃபிஷர், ஸ்பைஸ்ஜெட், கோ ஏர், இண்டிகோ என்று புதிய கம்பெனிகள் வரிசையாக வந்தன. எல்லோரும் இருக்கைகளைக் குவித்துக் கட்டணத்தைக் குறைத்தனர். சிறிய ஏ.டி.ஆர்., பெரிய ஏர்பஸ் என இருவகை விமானங்களை வைத்திருந்ததால் விமானிகளுக்கும் எஞ்சினியர்களுக்கும் தனித்தனிப் பயிற்சி, தனித்தனி உதிரி பாகங்கள் என்று செலவு இரட்டித்தது. வேகமான பெருக்கத்தால் தாமதங்களும் பிரயாணிகளின் புகார்களும் மிகுந்தன.

இவ்விடத்தில் இண்டிகோவை ஒப்பிடலாம். அது 2006 ஆகஸ்டில் முதல் விமானத்தைச் செலுத்துமுன்னரே, 2005இல், ஒரே வகையைச் சேர்ந்த நூறு விமானங்களுக்கு ஒன்றாக ஆர்டர் கொடுத்தது. பல ஆண்டுகள் அந்த ஒரே வகையை மட்டும் ஓட்டியது. அதுவும் குறைந்த கட்டணக் கம்பெனியே. இன்று நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனியாக நிற்கிறது. குறைந்த விலை என்ற கொள்கை தோற்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

பங்குகள் கை மாறின

நஷ்டத்தைத் தாங்கப் பணம் வேண்டும். 2006 மே மாதம் பொதுமக்களிடம் பங்கு விற்க முனைந்தனர். பங்குச் சந்தை சரிந்திருந்த நேரம் அது. வாங்குவோர் போதிய அளவு வராமையால் விலையைக் குறைத்து, கெடுவையும் நீட்டித்தனர். 148 ரூபாய்க்கு விற்ற பங்கு, சந்தைக்கு வந்தவுடன் அதற்கும் கீழே இறங்கியது.

2007ஆம் ஆண்டு விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் பங்கொன்று 155 ரூபாய் வீதம் 26 சதவீதப் பங்குகளை ஏறத்தாழ 550 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பின்னர் மேலும் வாங்கியது. வாங்கியவருக்கு ஏர் டெக்கானின் நோக்கம் பெரிதாகத் தோன்ற வேண்டிய அவசியமில்லை. அன்றைய அரசாங்க விதிப்படி, உள்நாட்டில் ஐந்தாண்டு பறந்து, இருபது விமானங்களும் உடைய கம்பெனியே வெளிநாட்டுக்குப் பறக்கலாம். கிங்ஃபிஷர் பிறந்தது 2005இல். டெக்கான் பிறந்தது 2003இல். 2008 ஆகஸ்டில் டெக்கானுக்கு ஐந்தாண்டு நிறைந்தது. இரு கம்பெனிகளும் ஒன்றாக்கப்பட்டன. செப்டம்பரில் கிங்ஃபிஷர் விமானம் பெங்களூரிலிருந்து லண்டனுக்குப் பறந்தது.

சாமானிய மனிதருக்கு என்ன ஆயிற்று? முதலில் பெயர் "சிம்ப்ளிஃப்ளை டெக்கான்" என்று மாறிற்று. 2008இல் "கிங்ஃபிஷர் ரெட்" ஆயிற்று. 2011 செப்டம்பரில், குறைந்த கட்டண சேவையே இனித் தேவையில்லை என்று அதை நிறுத்துவதாக அறிவித்தனர். அடுத்த ஆண்டு தாய்க் கம்பெனியும் சாய்ந்தது. 2012 அக்டோபரில் விமானங்கள் நின்றன. டிசம்பர் 31ஆம் தேதியுடன் உரிமமும் காலாவதியாயிற்று. ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. ஸ்டேட் வங்கி முதலிய வங்கிகளுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் கடன் பாக்கி.

பிறர் கண்ட அனுபவம்

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் ஃப்ரெட்டி லேக்கர் என்பவர் 1966இல் சொந்தமாக விமானக் கம்பெனி நிறுவினார். பல ஆண்டுகள் அனுமதிக்காகப் போராடி, 1977 செப்டம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க் நகருக்கு 59 பவுன் கட்டணத்தில் "ஸ்கைட்ரெயின்" என்ற சேவையைத் தொடங்கினார். மக்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினர். அவரோ கடனை டாலரில் வாங்கிப் பெரிய விமானங்களைச் சேர்த்தார். வரவில் பெரும்பகுதி பவுனில் வந்தது. பவுனின் மதிப்புக் குறைந்தபோது கடன் தானே வீங்கியது. போட்டிக் கம்பெனிகளும் கட்டணத்தைக் குறைத்தன. 1982 பிப்ரவரி 5ஆம் தேதி கம்பெனி மூழ்கியது. போட்டியாளர்கள் கூடிச் சதி செய்தனர் என்று தொடரப்பட்ட வழக்கு 1985இல் சமரசப் பணத்துடன் முடிந்தது. ஆனால் முடிவுக்கு வந்த கம்பெனி மீண்டும் எழவில்லை.

நம் மாநிலத்திலும் ஓர் அனுபவம் உண்டு. மதுரையைச் சேர்ந்த நூற்பாலைக் குடும்பம் ஒன்று 2005 அக்டோபரில் "பாரமவுண்ட் ஏர்வேஸ்" கம்பெனியைத் தொடங்கியது. எரிபொருள் வரிச் சலுகையும் தரையிறங்கு கட்டண விலக்கும் கிடைக்கும்படி, 70, 75 இருக்கைகள் கொண்ட எம்ப்ரேயர் விமானங்களைத் தேர்ந்தெடுத்தனர். யோசனை கூர்மையானதே. ஆயினும் விமானங்கள் வாடகைக்கு எடுத்தவை. வாடகை கொடுத்தோருடன் தகராறு முற்றி, அவர்கள் விமானங்களைத் திருப்பிக் கேட்டதும், 2010ஆம் ஆண்டில் சேவை நின்றது.

அரசாங்க உதவியும் எல்லை உடையதே. 2016இல் அறிவிக்கப்பட்ட "உடான்" திட்டத்தில், ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு 2,500 ரூபாய் என்று பாதி இருக்கைகளுக்கு உச்ச வரம்பு வைத்து, நஷ்டத்தை மானியத்தால் ஈடு செய்தனர். ஏர் டெக்கான் என்ற பழைய பெயர் இத்திட்டத்தின் கீழ் 2017 டிசம்பரில் மீண்டும் பறந்தது. 2020இல் கொரோனா நோய்க் காலத்தில் நின்றது. இத்திட்டத்தின் பல தடங்கள் மூன்றாண்டு மானியக் காலம் முடியுமுன்னரே கைவிடப்பட்டன.

நம் சங்கங்களுக்கு

குறைந்த விலை இரு வகைப்படும். செலவைக் குறைத்து அடைந்த குறைந்த விலை ஒன்று. பிறர் முதலைத் தின்று காட்டும் குறைந்த விலை மற்றொன்று. வாங்குபவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணக்குப் புத்தகத்திலே தான் வேற்றுமை தெரியும். முதல் வகை நிலைத்து நிற்கும். இரண்டாம் வகையில், யாருடைய முதல் தின்னப்படுகிறதோ அவர் ஒருநாள் வந்து ஸ்தாபனத்தின் சாவியைக் கேட்பார்.

நம் சங்கத்தில் ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு. பங்குகளைச் சந்தையில் வாங்கிச் சங்கத்தைக் கைப்பற்ற எந்தக் கோடீஸ்வரராலும் இயலாது. ஏர் டெக்கானில் பறந்த லட்சக்கணக்கான சாமானியர் அதன் சொந்தக்காரர் அல்லர். ஆகவே விற்பனையின்போது அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. இது கூட்டுறவின் தனிப்பெரும் பாதுகாப்பு. ஆனால் இந்தப் பாதுகாப்பு கதவுக்குத் தான், கரையானுக்கு அன்று. மத்திய கூட்டுறவு வங்கிக்குத் தவணை மீறிய சங்கத்தில், நிர்வாகக் குழு கலைந்து தனி அலுவலர் அமர்ந்த பின், தறிக்காரர் விருப்பமும் விவசாயி விருப்பமும் தீர்மானப் புத்தகத்தில் இடம் பெறுவது அரிது. அதற்கும் அடுத்த படி சங்கத்தைக் கலைத்தல்.

நெசவாளர் சங்கங்களின் தணிக்கையில் இதன் அறிகுறிகளை எளிதில் காணலாம். பண்டிகைக் காலத்தில் விற்பனை சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கும், நிர்வாகிகள் மகிழ்வர். நூல் விலை ஏறியதற்கு ஏற்பச் சேலையின் அடக்கவிலை திருத்தப்பட்டிராது. தள்ளுபடியை வாங்குபவருக்கு இன்றே கொடுத்துவிடுகிறோம். அதற்குரிய அரசாங்கத் தொகை பின்னரே வரும். அந்த இடைக்காலத்தில் நூலுக்கும் கூலிக்கும் கடன் வாங்குகிறோம். அக்கடனின் வட்டி எந்தச் சேலையின் விலையிலும் ஏறுவதில்லை. புதிய ரகங்கள் பலவற்றை ஒரே சமயத்தில் தொடங்கினால், ஒவ்வொன்றுக்கும் தனி நூல், தனிச் சாயம், தனி இருப்பு என்று முடங்கும் பணமும் கூடும். இருவகை விமானம் வைத்திருந்த கம்பெனியின் சங்கடமும் இதுவே. விளைபொருள் விற்பனைச் சங்கத்திலும், அங்கத்தினரைக் கவர வெளிச் சந்தையைவிட மிகுந்த விலை கொடுத்து வாங்கிவிட்டு, விற்கும்போது தவிப்பதுண்டு.

ஆகவே அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் விற்பனை எவ்வளவு என்று கேட்பதோடு அங்கத்தினர் அமைதியடையலாகாது. வட்டியும் மேற்செலவும் சேர்த்து ஒரு சேலையின், ஒரு வேட்டியின், ஒரு மூட்டையின் இன்றைய அடக்கவிலை என்ன என்று கேட்க வேண்டும். அரசாங்கத் தொகை ஓராண்டு தாமதித்தால் சங்கம் எத்தனை மாதம் கூலி கொடுக்க இயலும் என்று கேட்க வேண்டும். லாபம் வந்த ஆண்டில், பங்கு ஈவு கூட்டிக் கேட்கும் ஆசையை அடக்கிச் சேம நிதியை வளர்க்க வேண்டும். எரிபொருள் விலை உயர்ந்த ஆண்டில் ஏர் டெக்கானிடம் இல்லாதிருந்தது இதுவே. பிரயாணிகள் இருந்தனர், விமானங்கள் இருந்தன, ஊக்கம் இருந்தது. ஒரு கெட்ட காலத்தைத் தாண்டச் சொந்தப் பணம் இல்லை.

காப்டன் கோபிநாத்தின் முயற்சியை இகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. சாமானியரும் பறக்கலாம் என்பதை அவர் நாட்டுக்கு மெய்ப்பித்துக் காட்டினார். அந்த வழியில் இன்று பிறர் லாபத்துடன் செல்கின்றனர். ஆனால் வழி வகுத்தவரே அதில் நிலைத்திருக்க வேண்டுமாயின், நோக்கத்துக்கு இணையாகக் கணக்கும் இருத்தல் வேண்டும். நெய்தவர் கையிலேயே தறியும், விளைவித்தவர் கையிலேயே சங்கமும் நிலைக்க வேண்டும் என்று விரும்பும் நாம், அடக்கவிலையை அறியாமல் ஒரு முழம் துணியையும் விற்கலாகாது.